ஐந்து பேர், நான்கு உருண்டைகள்

செவில் நகரத்துப் பேராலயத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் உள்ள ஒரு டாப்பாஸ் உணவகத்தில் மார்ச் கடைசியில் ஒரு மாலை நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டோம். அம்மாவுக்கு 72 வயது. சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். மகளுக்கு 15, மகனுக்கு 9. மனைவி கடற்கரை ஊரில் வளர்ந்தவர். மீன் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் சொல்வதே முடிவு. நான் இதற்கு முன் இரண்டு முறை வேலை நிமித்தம் ஸ்பெயினுக்குத் தனியாகப் போயிருக்கிறேன். ஒரு கடையில் நின்றபடி ஒரு தட்டு, தெருவைக் கடந்து அடுத்த கடையில் இன்னொரு தட்டு என்று கழிந்த அந்த மாலைகளில்தான் டாப்பாஸ் மேல் எனக்குப் பிரியம் உண்டானது. அதை வீட்டாருக்கும் கொடுக்க வேண்டும் என்று அன்று அந்த மேசைக்கு முன்பதிவு செய்தேன்.

உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் கண்ட குறைகள் அந்த ஒரு கடையோடு நிற்பவை என்று எனக்குத் தோன்றவில்லை. நின்று சாப்பிடும் ஒரு வழக்கத்தை எடுத்து, நாற்காலி போட்டு, முன்பதிவு வைத்து, குடும்பங்களுக்கு விற்கும் எந்த உணவகத்திலும் இவை வரக்கூடும். டாப்பாஸ் ஒரு குடும்பத்தைப் பசியாற்றுமா? ஆற்றவில்லை என்றால் பழி அந்த வழக்கத்தின் மேலா, அதைக் கையாண்ட கடையின் மேலா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடித்தான் எழுதுகிறேன்.

முதலில் டாப்பாஸ் என்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். அது ஓர் உணவின் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஓர் அளவின் பெயர். அண்டலூசியாவில் ஒரே பண்டம் மூன்று அளவில் கிடைக்கும். ஒருவர் இரண்டு மூன்று வாயில் முடிக்கக்கூடியது டாப்பா. முழுத் தட்டு ராசியோன். இடையில் இருப்பது மெதியா ராசியோன், அதாவது அரைத் தட்டு. 'டாப்பா' என்றால் மூடி. மதுக்கோப்பையின் மேல் ஈயோ தூசியோ விழாமல் ஒரு துண்டு ரொட்டியையோ பன்றித்தொடைச் சீவலையோ வைத்து மூடியதில் தொடங்கியது என்பார்கள். பத்தாம் அல்ஃபோன்சோ, பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ என்று அரசர்களை வைத்தும் கதைகள் உண்டு. எதற்கும் உறுதியான ஆவணம் இல்லை. கதை எதுவானாலும் அது சொல்லும் செய்தி ஒன்றே. கையில் கோப்பையோடு நிற்கும் ஒருவருக்கான அளவு இது.

அந்த அளவுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. லோக்ரோஞ்ஞோ நகரத்து லவுரெல் தெருவில் 'பார் சொரியானோ' என்ற கடையில் கிடைப்பது வாட்டிய காளான் மட்டும். அடுக்கிய காளான்களின் உச்சியில் ஒரு சிறிய இறாலைக் குத்திக் கொடுப்பார்கள். மாட்ரிடில் 1906இல் தொடங்கிய 'காசா தெல் அபுவேலோ'வுக்கு இறால்தான் அடையாளம். சான் செபஸ்தியானில் 'காசா வயேஸ்' என்றால் ஆலிவ், நெத்திலி, ஊறவைத்த பச்சைமிளகாய் மூன்றையும் ஒரு குச்சியில் கோத்த 'கில்டா'. 1946இல் வந்த திரைப்படத்தின் பெயர் அது. செவிலிலேயே 1670 முதல் நடந்துவரும் 'எல் ரிங்கோன்சியோ'வில் இன்றும் கணக்கை மரப்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். அங்கே போகிறவர்கள் பாலக்கீரையும் கொண்டைக்கடலையும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் ஒன்றோ சிலவோ இருக்கும். நாள் முழுக்க அதையே செய்வதால் சரக்கு தேங்குவதில்லை, கையும் தேர்ந்துவிடுகிறது. சாப்பிடுகிறவர் நடக்கிறார், அடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. பத்துக் கடைகளின் தேர்ச்சியை ஒருவர் ஒரே மாலையில் ருசிப்பது இப்படித்தான் முடிகிறது.

உட்காரவைக்கும் உணவகம் இதைத் தலைகீழாக்குகிறது. நாம் நகர்வதில்லை, தட்டுகள் நகர்ந்து வருகின்றன. பத்துக் கடைகள் செய்த வேலையை ஒரே சமையலறை செய்தாக வேண்டும். நாங்கள் போன இடத்துப் பட்டியலில் 38 பண்டங்கள் இருந்தன. கலீசியாவின் ஆக்டோபஸ், மாட்ரிடின் காரமான உருளைக்கிழங்கு, கிரானடாவின் தேன் ஊற்றிய கத்தரிக்காய் என ஸ்பெயினின் நாலு திசையும் ஒரே அட்டையில் கிடந்தன. இத்தனையையும் அன்றன்று புதிதாகச் செய்வது இருபது மேசை உள்ள கடைக்கு இயலாத காரியம். உறைபெட்டியும் மைக்ரோவேவும் எங்கோ ஒரு மூலையில் இருந்தே தீரும். வாசலில் 'சமையலறை இடைவிடாமல் திறந்திருக்கும்' என்ற பலகையும் தொங்கியது. செவில்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் சாப்பிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பதாகும். நடுவில் பல கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும். நாங்கள் உட்கார்ந்தபோது மணி ஏழே கால், எதிர்ச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களில் ஊர்க்காரர் யாரும் இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு ஏழு மணிக்குப் பசிக்கும் என்பது நியாயம். அந்த நியாயத்தை நம்பித்தான் இத்தகைய கடைகள் பிழைக்கின்றன என்பதும் உண்மை.

பதினொரு தட்டு சொன்னோம். குறையைச் சொல்லுமுன் நன்றாயிருந்ததைச் சொல்வதுதான் நியாயம், அதுவும் கொஞ்சமில்லை.

பூண்டு இறால் முதலில் வந்தது. மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பண்டத்தின் பதம் பூண்டில் இருக்கிறது. குளிர்ந்த எண்ணெயில் சீவிய பூண்டைப் போட்டு, மெல்லச் சூடேற்றி, அது வெளிர்ப்பொன்னாகும்போது உலர்ந்த மிளகாயும் பச்சை இறாலும் சேர்க்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் பூண்டு கசக்கும், இறால் ரப்பராகும். இங்கே இரண்டும் நேரவில்லை. இறால் வளைந்து இறுகுமுன் இறக்கியிருந்தார்கள். மனைவி ஒரு துண்டு ரொட்டியை எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "கை தெரிஞ்சவங்க செஞ்சது" என்றார். அவரிடமிருந்து இது பெரிய சொல்.

அடுத்தது அதோபோவில் ஊறிய மீன். வினிகர், சீரகம், ஓரெகானோ, பூண்டு, பிமெந்தோன் எனப்படும் மிளகாய்த்தூள் இவற்றில் சிறுசுறாவை ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரிப்பது. சுறாவைப் புட்டாக மட்டுமே அறிந்த வீடு எங்களுடையது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வினிகரின் புளிப்பும் சீரகத்தின் மணமும் ஏறிய சாறு. மகன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வினிகரில் ஊறிய நெத்திலியும் நன்று. அது தீயில் வேகாத மீன் என்பதால் மனைவி தயங்கினார். பரிமாறியவர் பொறுமையாக விளக்கினார். பச்சையாகவோ ஊறவைத்தோ தரும் மீனை அதற்கு முன் −20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்று ஸ்பெயினில் 2006 முதல் அரசாணை இருக்கிறது, மீனில் வரும் அனிசாக்கிஸ் என்ற புழுவைக் கொல்வதற்காக. தன் வேலையை அறிந்த மனிதர் அவர். அன்றைய குறைகள் எதிலும் அவருக்குப் பங்கில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

குரோக்கெத்தாவில்தான் முதல் சறுக்கல். வெண்ணெயில் மாவு வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாகக் கிண்டி, பொடியாக நறுக்கிய பன்றித்தொடையைச் சேர்த்து, ஓர் இரவு குளிரவைத்து, மறுநாள் உருட்டிப் பொரிக்கும் பண்டம் அது. முதல் நாள் மிஞ்சிய இறைச்சியை வீணாக்காமல் சமைத்த பாட்டிகளின் சிக்கனத்திலிருந்து வந்தது. ஸ்பெயினில் அம்மா கைக் குரோக்கெத்தாவுக்கு நம் ஊரில் அம்மா கை ரசத்துக்கு உள்ள மரியாதை உண்டு. கையால் உருட்டியவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எங்களுக்கு வந்தவை அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. உள்ளே பால்களி மாவாக நாக்கில் ஒட்டியது. அது தொழிற்சாலைச் சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உருளைக்கிழங்கு தொர்த்தியாவும் அப்படித்தான். அதில் வெங்காயம் சேர்ப்பதா கூடாதா என்று ஸ்பானியர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். எந்தக் கட்சியானாலும் கிழங்கு எண்ணெயில் மெல்ல வெந்து குழைந்திருக்க வேண்டும், நடுவில் முட்டை இளகியிருக்க வேண்டும். எங்கள் துண்டு ஓரத்தில் சுட்டது, நடுவில் சில்லென்று இருந்தது.

பன்றித்தொடையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் 'ஹமோன் இபேரிக்கோ' என்று மட்டும் இருந்தது, விலை எல்லாவற்றிலும் அதிகம். அந்தப் பெயருக்குள் நான்கு தரங்கள் அடங்கியிருக்கின்றன. 2014இல் வந்த ஆணைப்படி தொடையில் கட்டும் வில்லையின் நிறமே தரத்தைச் சொல்லும். இலையுதிர் காலத்திலிருந்து குளிர்கால முடிவுவரை ஓக் காட்டில் விழும் கொட்டைகளைத் தின்று கொழுத்த தூய இனப் பன்றிக்குக் கறுப்பு; கலப்பினமாக இருந்து கொட்டை தின்றதற்குச் சிவப்பு; வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றதற்குப் பச்சை; கொட்டிலில் தீவனத்தில் வளர்ந்ததற்கு வெள்ளை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிது. எந்த நிறம் என்று சொல்லாத பட்டியல் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவரின் அறியாமையில் காசு பார்க்கிறது. வந்த சீவல்கள் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தவை. கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அறையின் சூட்டில் அது கண்ணாடிபோல் ஆகி வேர்க்க வேண்டும். மகள் ஆசைப்பட்டுக் கேட்டது, இரண்டு சீவலோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆக, பதினொன்றில் நான்கு தேறின. நான்காவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தட்டுகளை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இதைச் சுமாரான கடை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு வலித்தது வேறு இடத்தில்.

குரோக்கெத்தா நான்கு வந்தது. நாங்கள் ஐந்து பேர். அம்மா அதைச் சாப்பிட மாட்டார் என்பதால் கணக்கு தற்செயலாகச் சரியாயிற்று. ஆனால் பரிமாறியவருக்கு அது தெரியாது. ஆறு பேர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் நான்குதான் வரும், அச்சு அப்படி. 'பகிர்ந்து உண்ண' என்று பட்டியலின் தலையில் அழகான எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பகிர்தல் என்பது எண்ணிக்கையில் தொடங்குகிறது. பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டுத்தான் வடையைக் கையில் எடுப்பார்கள். கத்தரிக்காய்த் தட்டில் ஏழு துண்டுகள். அதில் கடைசித் துண்டை யார் எடுப்பது என்று குழந்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நண்பர்கள் கூடிய மேசையில் அது விளையாட்டு. குடும்ப மேசையில் அம்மா எடுக்க மாட்டார், மனைவி எடுக்க மாட்டார், தட்டைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். உண்ணும் அளவு குறைவதும் பெண்களுக்குத்தான். சின்னத் தட்டு என்ற முறையை ஒரு குடும்பத்தின் நடுவில் வைக்கும்போது அந்தக் குடும்பத்தின் வழக்கங்களும் சேர்ந்து வேலை செய்யும். கடை அதை யோசித்தாக வேண்டும்.

நேரம் அதைவிடப் பெரிய குறை. "எங்கள் தட்டுகள் தயாராகும் வரிசையில் வரும்" என்று உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டார்கள். அது டாப்பாஸின் இயல்பு என்ற தொனியில் சொன்னார்கள். தெருவில் நடந்து சாப்பிடும்போது வரிசையைத் தீர்மானிப்பது நாம். ஒன்றை முடித்துத்தான் அடுத்ததைக் கேட்கிறோம். இங்கே தீர்மானித்தது சமையலறையின் வசதி. முதல் பதினைந்து நிமிடத்தில் ஏழு தட்டு வந்து மேசையில் கை வைக்க இடமில்லை. ஏழிலும் அம்மா சாப்பிடக்கூடியது ஒன்றுமில்லை. அவர் ஒரு ஆலிவ் காயை எடுத்துக் கொட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார். "ஏங்க, அத்தைக்கு இன்னும் ஒண்ணுமே வரலையே, கேட்டீங்களா?" என்று மனைவி மெல்லக் கேட்டார். அதற்குப் பிறகு அவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இறாலின் எண்ணெய் ஆறியது. பேரன் கையில் மீனோடு, "பாட்டி, உனக்கு எப்ப வரும்?" என்றான். "வரும் வரும், நீ சாப்பிடு கண்ணு" என்றார் அம்மா.

அவருக்காகச் சொன்னவற்றில் முதலில் வந்தது சல்மொரேஹோ. தக்காளியையும் ரொட்டியையும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்த்துக் கெட்டியாக அரைத்த கோர்டோபாக் குளிர்கூழ். மேலே அவித்த முட்டையும் பன்றித்தொடையும் தூவுவது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். இறைச்சி இல்லாமல் வந்தது, முட்டையோடு வந்தது. முட்டையும் கூடாது என்றதும் எடுத்துப்போய், மேலே இருந்ததை வழித்துவிட்டு அதே கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரத்தில் மஞ்சள் துகள் இருந்தது. அம்மா கோபப்படவில்லை. "பரவாயில்லடா, எனக்கு அவ்வளவு பசி இல்ல" என்றார். பிறகு விசாரித்ததில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பத்ரோன் பச்சைமிளகாய் மூன்றும் மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தவை என்று தெரிந்தது. பரிமாறியவர் மறைக்காமல் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் பக்கத்திலும் சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. மீன், முட்டை, பால், கோதுமை, கடுகு, எள் என்று ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2014 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் படங்களை நம்பித்தான் நான் அம்மாவுக்குத் தேர்ந்தெடுத்தேன். அதில் என் தவறும் இருக்கிறது. சல்மொரேஹோவின் அருகில் முட்டைப்படம் இருந்ததை அவசரத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பதினான்கில் இறைச்சி கிடையாது. பன்றியும் மாடும் கோழியும் ஒவ்வாமைப் பொருள்களாகக் கருதப்படுவதில்லை என்பதால், பன்றித்தொடை தூவிய பண்டத்தின் பக்கத்தில் அதைக் காட்ட எந்தப் படமும் இருக்காது. விதி உடல்நலத்துக்காக எழுதப்பட்டது, அதில் பிழையில்லை. அந்த விதியை நிறைவேற்றியதோடு கடமை முடிந்தது என்று கடை நினைப்பதில்தான் பிழை. காய்கறிப் பண்டத்தின் மேலும் ஹமோனைத் தூவும் ஒரு நாட்டில், வெளிநாட்டுக் குடும்பங்களை நம்பி நடக்கும் ஓர் உணவகம், இலை ஒன்றை வரைந்து 'இதில் இறைச்சி இல்லை, முட்டை இல்லை' என்று சொல்ல அரை மணி நேர வேலை போதும்.

நாற்பது நிமிடம் கழித்து அம்மாவின் பாலக்கீரை வந்தது. நான்காவதாகத் தேறியது என்றேனே, அது இதுதான். செவிலின் சொந்தப் பண்டம். கீரையை ஐபீரியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர். ஆலிவ் எண்ணெயில் பொரித்த ரொட்டியையும் பூண்டையும் சீரகத்தோடு இடித்து, பிமெந்தோனும் சொட்டு வினிகரும் விட்டு, கீரையும் வெந்த கொண்டைக்கடலையும் அதில் சேர்ந்து சுண்டும்வரை வைப்பார்கள். அம்மா ஒரு வாய் எடுத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம சீரகம்தானே?" என்றார். நிறைவாக இருந்தது. ஆனால் அது டாப்பா அளவு, ஐந்து கரண்டி. அதற்குள் குழந்தைகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். அம்மா தனியாகச் சாப்பிட, நாங்கள் இருவரும் ஆறிய தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு கீரை கேட்கலாமா என்றேன். இன்னும் எவ்வளவு நேரமாகுமோ என்று வேண்டாம் என்றுவிட்டார்.

கணக்கு 112 யூரோ வந்தது. தட்டுகளுக்கு 84, பானங்களுக்கு 14.50, இரண்டு புட்டித் தண்ணீருக்கு 6, ரொட்டிக்கு ஆளுக்கு 1.50 வீதம் 7.50. ரொட்டியின் விலை பட்டியலில் கீழே இருந்தது, அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் விஷயம் வேறு. 2022இல் இயற்றிய கழிவுச் சட்டப்படி ஸ்பெயினில் எந்த உணவகமும் புட்டியில் அடைக்காத தண்ணீரை இலவசமாகத் தர முன்வர வேண்டும். எங்களிடம் யாரும் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லவில்லை, புட்டியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். 112 யூரோ கொடுத்து, ஐவரில் இருவர் அரைவயிற்றோடு எழுந்தோம்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாப்பாஸ் குடிப்பவர்களின் வழக்கம், நின்று பேசும் நண்பர்களின் வழக்கம். மூன்று தலைமுறையைக் கூட்டிக்கொண்டு போய் அதில் முழுச் சாப்பாட்டை எதிர்பார்த்தது என் பிழை என்று ஒருவர் சொல்லலாம். அன்று இரவு நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

குவாதல்கிவீர் ஆற்றின் மேல் 1852இல் திறந்த பாலத்தைக் கடந்தால் திரியானா, முன்பு குயவர்களும் மாலுமிகளும் வாழ்ந்த பேட்டை. மதியம் இரண்டரை மணிக்கு அங்கே ஒரு சிறு சதுக்கத்தில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே குடும்பங்கள். தள்ளுவண்டியில் குழந்தை, ஊன்றுகோலோடு தாத்தா, நடுவில் பந்து விளையாடும் பிள்ளைகள். வாய்க்கொரு துண்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். நின்று குடிப்பவர் மட்டுமே டாப்பாஸுக்கு உரியவர் என்று யாராவது சொன்னால் அந்தச் சதுக்கத்தைப் பார்த்தால் போதும். கரும்பலகையில் பன்னிரண்டு பண்டங்கள் எழுதியிருந்தன. கடைக்காரர் முதலில் கேட்டது, "எத்தனை பேர்?" அடுத்துக் கேட்டது, "சாப்பிடக் கூடாதது என்ன, யாருக்கு?" என் அரைகுறை ஸ்பானிய மொழியில் அம்மாவைக் காட்டிச் சொன்னேன். டாப்பா வேண்டாம், மெதியா எடுங்கள் என்று அவரே அளவைத் திருத்தினார். கீரையும் கடலையும் ஒரு மெதியா, வினிகரும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசறிய உருளைக்கிழங்கு ஒரு மெதியா, மேலே எதுவும் தூவாத சல்மொரேஹோ, உப்பும் எண்ணெயும் விட்ட தக்காளி. நான்கும் முதலில், ஒன்றாக வந்தன. ஐந்து பேரும் சாப்பிடக்கூடிய தட்டுகள் அவை. அம்மா தொடங்கினார், எல்லாரும் தொடங்கினோம். மீனும் குரோக்கெத்தாவும் அதற்குப் பிறகு வந்தன. குரோக்கெத்தா தட்டுக்கு நான்குதான் வழக்கமாம். அம்மா சாப்பிட மாட்டார் என்று தெரிந்திருந்தும், ஓடிக்கொண்டிருந்த மகனைக் காட்டி ஐந்தாவதாக ஒன்றை வைத்திருந்தார். கணக்கு 58 யூரோ. குழாய்த் தண்ணீரை ஜாடியில் வைத்தது நாங்கள் கேளாமலே.

அந்தக் கடைக்கும் குறை உண்டு. முன்பதிவு கிடையாது, 25 நிமிடம் நின்றோம். சாய்மானம் இல்லாத முக்காலிகள். கழிப்பறை பத்துப் படி கீழே. அம்மா மூட்டுவலியோடு இறங்கி ஏறினார். பேராலயத்துக்கு அருகே இருந்த உணவகம் இந்த மூன்றிலும் சிறந்தது. வயதானவர்களோடு பயணம் செய்கிறவர்களுக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை; சாப்பாட்டை விட முக்கியமாகும் நாட்களும் உண்டு. உட்காரவைக்கும் டாப்பாஸ் உணவகம் தேவையே இல்லை என்று நான் முடிவுக்கு வராததற்கு அதுதான் காரணம்.

டாப்பாஸ் என்ற முறை மேல் குற்றமில்லை. தலைமுறை தோறும் நாக்கு மாறும் ஒரு குடும்பத்துக்கு, ஒரே பெரிய தட்டைக் கட்டிக்கொண்டு அழாமல் பலவற்றில் கை வைக்க முடிகிற இந்த முறையைவிடப் பொருத்தமானது மேற்கத்திய உணவக வழக்கங்களில் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்பது வயதுப் பையன் சுறாவையும் வினிகரையும் பயமில்லாமல் ருசிபார்த்தது தட்டு சிறியதாக இருந்ததால்தான். குற்றம் உணவகத்தின் மேல், அதுவும் மூன்று இடத்தில். எத்தனை பேர் என்று எண்ணாமல் பரிமாறியது ஒன்று. சமையலறையின் வசதியை மரபு என்று சொல்லி, ஒருவரைக் காக்கவைத்து மற்றவரை உண்ணவைத்தது இரண்டு. இறைச்சி எதில் உண்டு என்று சொல்லாமல் பட்டியலைப் படத்தால் நிரப்பியது மூன்று. 38 பண்டங்களைக் குறைக்க முதலாளிக்கு மனம் வராமல் போகலாம், அதில் வியாபாரக் கணக்கு இருக்கிறது. இந்த மூன்றையும் திருத்தக் காசு செலவில்லை. செய்யாமல் விட்டதுதான் என் மதிப்பீட்டில் அந்தக் கடையைத் தோற்கடிக்கிறது. உறைபெட்டிக் குரோக்கெத்தா தோற்கடிக்கவில்லை.

அந்த இறாலுக்காகத் தனியாக ஒருநாள் அங்கே திரும்பப் போவேன். சட்டியும் ரொட்டியும் போதும். குடும்பத்தோடு அப்படி ஒரு மேசையில் உட்கார நேர்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பட்டியலைத் திறக்குமுன் மெதியா ராசியோன் உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். கூட வந்தவர்களில் மிகக் குறைவான பண்டங்களை உண்ணக்கூடியவர் யாரோ அவருக்கானதை மட்டும் முதலில் சொல்லி, அது மேசைக்கு வந்த பிறகு மற்றதைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா இரண்டு முறை அந்தக் கீரையைச் செய்துவிட்டார், ரொட்டிக்குப் பதில் பொட்டுக்கடலையை வறுத்து இடித்து. பெரிய சட்டியில் செய்தார்.